ஜார்ஜ் வாஷிங்டனோட பல்செட்டு: ஒரு கேஸ் ஸ்டடி, நம்ம வீட்டு பல்செட்டுக்கும் சேர்த்து

நோயாளி ஆண், வயசு 57, தொழில் ஜனாதிபதி. வாய்ல மிச்சம் இருந்த சொந்தப் பல்லு ஒண்ணே ஒண்ணு, கீழ்த்தாடை இடது பக்கம். 1789 ஏப்ரல் 30 அன்னிக்கு நியூயார்க்ல அமெரிக்காவோட முதல் ஜனாதிபதியா பதவி ஏத்துக்கிட்ட ஜார்ஜ் வாஷிங்டனோட வாய் நிலவரம் இது.

பல்செட்டு பத்தி விவரமா எழுதுங்க டாக்டர்னு ரொம்ப பேர் கேட்டுட்டாங்க. என்கிட்ட வர்ற பேஷண்ட் யாரோட கேஸையும் எடுத்து எழுத மனசு வரல, அது அவங்க சொந்த விஷயம். வாஷிங்டன் கேஸ்ல அந்த சங்கடம் இல்ல, ஆளு 1799 டிசம்பர்லயே போய்ச் சேர்ந்துட்டார், அவர் போட்ட செட்டு மியூசியத்துல இருக்கு, பல் டாக்டருக்கு எழுதின லெட்டர் இருக்கு, டாக்டர் எழுதின பதில் இருக்கு, பல்லுக்கு காசு கொடுத்த கணக்கு நோட்டு கூட இருக்கு. இவ்வளவு ரெக்கார்டோட ஒரு பல்செட்டு கேஸ் வேற எங்க கெடைக்கும் சொல்லுங்க. அதுலயும் அவர் லெட்டர்ல புலம்பினது ஒவ்வொண்ணும், தாத்தா பாட்டிங்க என் சேர்ல உக்காந்து இன்னிக்கும் சொல்ற அதே புலம்பல் தான்.

மரப்பல்லு கதைய முதல்ல தள்ளி வச்சிடுவோம். வாஷிங்டன் மரத்துல பல்லு செஞ்சு போட்டிருந்தார்னு ஸ்கூல் புக்ல இருந்து வாட்ஸ்அப் வரைக்கும் சுத்திட்டே இருக்கு. அவரோட எந்த செட்லயும் மரம் கிடையாது. நீர்யானை தந்தம், மனுஷப் பல்லு, மாட்டுப் பல்லு, குதிரைப் பல்லு, ஈயம், பித்தளை ஸ்க்ரூ, இதெல்லாம் தான் சாமான். தந்தத்துல நாளாக நாளாக மெலிசா கீறல் விழுந்து, கீறல் உள்ள கறை இறங்கி, பாக்க மரத்து ரேகை மாதிரி தெரியும், கதை அங்க இருந்து கெளம்பியிருக்கலாம்னு சொல்றாங்க.

பல்லு போன கதை

24 வயசுல, 1756-ல, ஒரு பல்ல பிடுங்க 5 ஷில்லிங் கொடுத்தார்னு அவர் கணக்குல இருக்கு. அதுக்கப்புறம் வலி, வீக்கம், பிடுங்கல், மறுபடி வலி, இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. நடுவுல ஜான் பேக்கர்னு ஒரு டாக்டர் தந்தத்துல சில பல்லு செஞ்சு, இருக்குற சொந்தப் பல்லோட கம்பி போட்டு கட்டி விட்டிருக்கார். கட்டுன கம்பி லூசாகும், அத முறுக்கி இறுக்கணும். 1781 மே மாசம், பிரிட்டிஷ்காரங்கள எதிர்த்து சுதந்திரப் போர் நடந்துட்டு இருக்கும்போதே பேக்கருக்கு ஒரு லெட்டர் போடுறார், கம்பி இறுக்குற குறடு கேட்டிருந்தேனே அது வந்துச்சா, பல்லு க்ளீன் பண்ற ஸ்க்ரேப்பர் ஒண்ணும் அனுப்புங்க, நான் பிலடெல்பியா பக்கம் இப்போதைக்கு வர்ற மாதிரி தெரியலனு. அந்த லெட்டர் வழியிலயே பிரிட்டிஷ்காரங்க கையில மாட்டிக்கிச்சு, இன்னிக்கும் மிச்சிகன் யுனிவர்சிட்டி லைப்ரரில அவங்க ஜெனரல் கிளிண்டனோட பேப்பர்களுக்குள்ள கெடக்கு. பிலடெல்பியா பக்கம் வரமாட்டேன்னு அவரே எழுதியிருக்காரே, அப்ப அவர் படை நியூயார்க் பக்கத்துல தான் இருக்கும்னு பிரிட்டிஷ்காரங்க நம்புறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு சில வரலாற்று ஆளுங்க சொல்றாங்க. கடைசில படை தெக்கால யார்க்டவுனுக்கு போய் போர ஜெயிச்சதும் அதே வருஷம் தான்.

இன்னொரு பக்கம் இருக்கு, அத சொல்லாம தாண்டக்கூடாது. 1784 மே மாசக் கணக்குல ஒரு வரி, லெமாயர்னு எழுதியிருக்கிற பிரெஞ்சு பல் டாக்டர் கணக்குல 9 பல்லுக்கு கறுப்பினத்தவங்களுக்கு காசு கொடுத்ததுனு, 6 பவுண்டு 2 ஷில்லிங். அவரோட மவுண்ட் வெர்னான் பண்ணைல இருந்தவங்க அடிமைகள். காசு கொடுத்திருக்காங்க தான், ஆனா முதலாளி வீட்டுல வந்து பல்லக் கேட்டா முடியாதுனு சொல்ற நெலமைல எந்த அடிமை இருந்திருப்பாங்க. அந்த டாக்டர் அப்ப பேப்பர்ல விளம்பரம் கொடுத்து பல்லு வாங்கினவர், அவர் மத்தவங்களுக்கு தர்றேன்னு சொன்ன ரேட்டோட பாத்தா இது ரொம்ப கம்மி. அந்த 9 பல்லும் வாஷிங்டன் வாய்க்கே போச்சானு அந்த வரில இல்ல. செட்டுல மனுஷப் பல்லு இருக்குறது மட்டும் உறுதி.

வாய்க்குள்ள போன சாமான்

ஜனாதிபதி ஆனதும் செட்டு செஞ்சு கொடுத்தவர் ஜான் கிரீன்வுட், நியூயார்க்காரர். சின்னப் பையனா போர்ல புல்லாங்குழல் ஊதப் போனவர், அப்புறம் பல் டாக்டர், அம்மாவோட நூல் நூக்குற ராட்டினத்த மாத்தி காலால மிதிச்சு ஓட்டுற டிரில் மெஷின் பண்ணவர். கை வேலைல கெட்டிக்காரர்னு அந்த செட்டப் பாத்தாலே தெரியும். 1789 கீழ் செட்டு நீர்யானை தந்தத்துல செதுக்கினது, அதுல அந்த ஒத்தப் பல்லு வெளிய வர்றதுக்கு ஒரு ஓட்டை விட்டிருப்பார், செட்டு அந்தப் பல்லுல மாட்டிக்கிட்டு நிக்கும்.

இப்ப பாக்குறவங்களுக்கு ஓட்டை விட்டது புத்திசாலித்தனமா தெரியும், தெரியணும் தான். ஆனா மெல்லுற பாரம், செட்டோட ஆட்டம் எல்லாம் அந்த ஒத்தப் பல்லு மேல. 1796-ல அதுவும் போயிடுச்சு. கிரீன்வுட் அத பத்திரமா ஒரு சின்ன கண்ணாடிக் கூட்டுல போட்டு வாட்ச் செயினோட மாட்டி வச்சிருந்தார், அது இப்பவும் இருக்கு. நம்ம ஊர்லயும் இது தெனம் நடக்கும், "டாக்டர், இந்த ஒரு பல்லு மட்டும் கெட்டியா இருக்கு, இத வச்சு கம்பி மாட்டி செட்டு கட்டிக் கொடுத்துடுங்க" னு. ஒத்தப் பல்லுல கொக்கி மாட்டினா அந்தப் பல்லு ஆடி விழுறது பெரும்பாலும் எப்பங்கற கேள்வி தான். அதுக்கு பதிலா இன்னிக்கு ஒரு வழி இருக்கு, அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணி, ஈறு மட்டத்துக்கு வெட்டி, வேர மட்டும் உள்ள விட்டு அது மேல செட்டு உக்கார வைக்கலாம். நெம்புற பாரம் போயிடும், வேர் இருக்குற எடத்துல எலும்பும் சீக்கிரம் கரையாது. ஒத்தப் பல்லு வச்சிருக்கவங்க பிடுங்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.

முழு செட்டு ஒண்ணு மவுண்ட் வெர்னான்ல இருக்கு, போட்டோ தேடிப் பாத்தா கெடைக்கும், பாத்தா ராத்திரி தூக்கம் வராது. அடில ஈயம், அது மேல மனுஷப் பல்லும் மாட்டுப் பல்லும் குதிரைப் பல்லும் கலந்து, மேல் செட்டையும் கீழ் செட்டையும் பின்னால ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் போட்டு சேத்திருக்கும். ஸ்பிரிங் எதுக்குனா மேல் செட்டு கீழ விழாம மேல தள்ளிப் பிடிக்க. அதனால வாய் எந்நேரமும் தொறக்கத் தான் பாக்கும், மூடி வைக்கணும்னா தாடைய இறுக்கிக் கடிச்சிட்டே இருக்கணும். ஒரு டாலர் நோட்டுல அவர் உதட்ட இறுக்கி வச்சிட்டு இருக்குற மூஞ்சி இருக்கே, அதுக்கு மூலம் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-ல வரைஞ்ச படம், அப்ப புதுசா செட்டு மாட்டியிருந்தார், அதான் வாய்ப் பக்கம் அப்படி இறுக்கமா இருக்குனு ஸ்டூவர்ட்டே சொன்னதா பதிவு இருக்கு. நாம கம்பீரம்னு நெனச்சிட்டிருக்கோம்.

புகார் ஒண்ணு: லூசாயிடுச்சு

1797 ஜனவரில கிரீன்வுட்டுக்கு எழுதுறார், செட்டுல பல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஆடி ரெண்டு மூணு கழண்டே போச்சு, ரிப்பேர் பண்ணி சீக்கிரம் அனுப்புங்க, மாத்துக்கு வச்சிருக்க செட்டு வாய்ல உறுத்துது, உதடு வீங்கின மாதிரி துருத்திட்டு நிக்குதுனு. அப்ப அவர் இருந்தது பிலடெல்பியா, டாக்டர் நியூயார்க். செட்டு தபால்ல போகும், வரும். வாய் மட்டும் போகவே இல்ல.

இந்த கேஸ்ல நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இது தான், மிச்சதெல்லாம் இதுல இருந்து வர்றது. பல்செட்டு பிரச்சனைல முக்கால்வாசி செட்டுல இல்ல, அதுக்கு அடில இருக்குற தாடைல இருக்கு. பல்லப் பிடுங்கினதும் அத தாங்கிட்டிருந்த எலும்புக்கு வேலை இல்ல, கரைய ஆரம்பிச்சிடும். முதல் ஆறு மாசம், ஒரு வருஷம் வேகமா கரையும், அப்புறம் மெதுவா, ஆனா நிக்கவே நிக்காது. ஆன்ட்யே டால்கிரென்னு ஒரு ஆராய்ச்சியாளர் 25 வருஷம் செட்டு போட்டவங்கள தொடர்ந்து அளந்து 1972-ல வெளியிட்டாங்க, கீழ்த்தாடை மேல்தாடைய விட ஏறக்குறைய நாலு மடங்கு கரையுது. அதான் யாரக் கேட்டாலும் "மேல் செட்டு பரவால்ல டாக்டர், கீழ தான் மெதக்குது" னு சொல்றாங்க. மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்க பரப்பு இருக்கு, கீழ் செட்டுக்கு லாடம் மாதிரி ஒரு மெல்லிசு மேடு தான், நடுவுல நாக்கு வேற ஓயாம தள்ளிட்டே இருக்கும்.

மேல் செட்டு நிக்குறது எப்படினா, செட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல எச்சில் ஒரு மெல்லிய படலமா நிக்கணும், ஓரம் முழுக்க காத்து புகாம அடைபடணும். அந்த ஓரம் ஒரு எடத்துல தூக்கிட்டா போச்சு. ஸ்பிரிங் இல்லாம இப்படி செட்ட நிறுத்த முடியும்னு 1800 வாக்குல ஜேம்ஸ் கார்டெட்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சார்னு பல் மருத்துவ வரலாறுல சொல்வாங்க, ஸ்பிரிங் மாட்டுறதுக்கு முன்னாடி சும்மா பழக்கத்துக்கு போட்டுக்கோங்கனு கொடுத்த செட்டு தானாவே நின்னுட்டு இருந்துச்சாம். எந்த ஊருனு நெனக்கிறீங்க, அதே பிலடெல்பியா. வாஷிங்டன் செத்து ரொம்ப நாள் கூட ஆகல.

இன்னிக்கு என்ன பண்ணலாம். கீழ் செட்டப் போட்டு வாயக் கொஞ்சமா தொறந்து நாக்க லேசா தூக்கச் சொல்வேன், செட்டு எழும்பி வந்தா ஒரு கணக்கு. அப்புறம் ஒரு பக்கம் கடவாய்ல விரல வச்சு அழுத்துவேன், எதிர்ப் பக்கம் தூக்குனா இன்னொரு கணக்கு. செட்டுல பல்லெல்லாம் நல்லா இருந்து, கடியும் சரியா இருந்து, உள்பக்கம் மட்டும் ஈறோட ஒட்டலனா புது செட்டு தேவை இல்ல, ரிலைனிங் பண்ணா போதும், அதாவது செட்டோட உள்பக்கத்துல இப்ப இருக்குற ஈறுக்கு அளவு எடுத்து புதுசா அக்ரிலிக் (செட்டு செய்யுற பிளாஸ்டிக்) ஏத்துறது. பல்லு தேஞ்சு கடி கொறஞ்சு மூக்கும் தாடையும் கிட்ட வந்துடுச்சுனா ரிலைனிங்லாம் வேலைக்கு ஆகாது, புதுசு தான். பொதுவா அஞ்சுல இருந்து ஏழு வருஷத்துல மாத்த வேண்டி வரும். செட்டு நல்லா தான இருக்கு, உடையலயேனு பதினஞ்சு வருஷம் ஓட்டுறவங்க தாடைய ஒரு தடவ தடவிப் பாத்தீங்கனா மேடே இருக்காது, தட்டையா இருக்கும். லூஸ் செட்டு ஆட ஆட எலும்பு இன்னும் கரையும்.

பிடிமான பேஸ்ட், பவுடர் பத்தி எல்லாரும் கேப்பாங்க. தப்பில்ல, கல்யாணம் காச்சினு போகும்போது ஒரு தைரியத்துக்கு பட்டாணி அளவுல மூணு எடத்துல வச்சுக்கலாம். ஆனா ஒரு வேளைக்கு ஒட்டுனது போதாம மூணு வேளையும் ட்யூப பிதுக்குறீங்கனா உங்களுக்கு தேவை பேஸ்ட் இல்ல, ரிலைனிங். துத்தநாகம் கலந்த பேஸ்ட்ட வருஷக் கணக்குல அளவுக்கு மேல போட்டு கை கால் மரத்துப் போன கேஸெல்லாம் அமெரிக்கால வந்திருக்கு, அதனால வாங்கும்போது ஜிங்க் இல்லாததா பாருங்க. ஃபெவிக்விக் போட்டு உடைஞ்ச செட்ட ஒட்டிட்டு வர்றவங்க கிட்ட கை கூப்பி கேட்டுக்குறேன், வேண்டாம். உடைஞ்ச ரெண்டு துண்டையும் அப்படியே பொட்டலம் கட்டி எடுத்துட்டு வாங்க, லேப்ல சரியா சேத்துடலாம், நீங்க கோணலா ஒட்டின பிறகு சேக்குறது தான் கஷ்டம்.

கீழ்த்தாடைல மேடே இல்லாதவங்களுக்கு ரெண்டே ரெண்டு இம்ப்ளாண்ட் (எலும்புல பதிக்குற உலோக வேர்) முன்னாடி வச்சு, அதுல பட்டன் போட்டு கீழ் செட்ட மாட்டுற முறை இருக்கு. 2002-ல மான்ட்ரியல்ல மெக்கில் யுனிவர்சிட்டில கூடின நிபுணர்கள், கீழ முழு பல்லும் இல்லாதவங்களுக்கு முதல் சாய்ஸ் இதுவா தான் இருக்கணும்னே சொல்லிட்டாங்க. செலவு அதிகம், எல்லாருக்கும் முடியாது, சுகர் கட்டுப்பாட்டுல இருக்கணும். ஆனா கீழ் செட்டால பாதி சாப்பாட்ட விட்டுட்டவங்களுக்கு இது பெரிய விடுதலை, வீட்டுப் பிள்ளைங்க மொபைல் மாத்துற காசுல கொஞ்சத்த இதுக்கு ஒதுக்கலாம்னு எனக்கு தோணும்.

புகார் ரெண்டு: மூஞ்சியே மாறிப்போச்சு

வாஷிங்டனுக்கு பெரிய மனக்கொறை இது தான். செட்டுல எது பண்ணாலும் சரி, உதட்ட இப்ப தள்றத விட ஒரு நூலளவு கூட தள்ளக்கூடாதுனு எழுதுறார். உக்கார்ற எடத்துக்கு செட்டு அகலமா இருக்கு, துருத்திட்டு இருக்குனு எழுதுறார். 1798 டிசம்பர்ல போட்ட லெட்டர்ல, பல்லு நேரா இருந்தாலும் கொஞ்சம் உள்பக்கம் சாஞ்சாலும் பரவால்ல, உதட்ட ஊத வைக்குறது மேலயும் கீழயும் இருக்குற பார் (செட்டோட பட்டை) தான், அத பின்னுக்கு தள்ளுங்கனு சின்னதா படம் போட்டே காட்டுறார். சொல்லப்போனா அந்த கேஸ்லயே சரியான டயக்னோசிஸ் சொன்ன ஒரே ஆள் பேஷண்ட் தான். மேல்தாடை எலும்பு கரையும்போது உள்பக்கமா சுருங்கும், கீழ்த்தாடை கரையும்போது வெளிப்பக்கமா போற மாதிரி ஆகும், பழைய அளவுல செஞ்ச செட்டு சுருங்கின தாடைல உக்காந்தா துருத்தாம என்ன பண்ணும்.

இப்ப நாங்க பண்றது, பல்ல மெழுகுல அடுக்கி வாய்ல வச்சு பாக்குற ஸ்டேஜ், ட்ரை-இன்னு சொல்வோம். இந்த விசிட்டுக்கு மட்டும் தனியா வராதீங்க, வீட்டுல உங்க மூஞ்சிய தெனம் பாக்குறவங்க ஒருத்தர கூட்டிட்டு வாங்க, பழைய போட்டோ ஒண்ணு, பல்லு தெரிய சிரிச்சது, எடுத்துட்டு வாங்க. மெழுகா இருக்குற வரைக்கும் எந்தப் பல்லையும் தள்ளலாம், சாய்க்கலாம், கலர் மாத்தலாம். அக்ரிலிக் ஆன பிறகு "கொஞ்சம் எடுப்பா இருக்கே டாக்டர்" னா ரெண்டு பேருக்கும் தலைவலி.

பேச்சும் இதோட சேந்தது தான். 1793-ல அவர் ரெண்டாவது தடவ பதவி ஏத்தப்ப பேசினது 135 வார்த்தை, அமெரிக்க ஜனாதிபதிங்க பதவியேற்பு பேச்சுலயே குட்டி அது தான். பல்லு தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா வாய் தொறந்தா ஸ்பிரிங் தள்ளுற செட்ட வச்சிட்டு நீளமா பேச யாருக்கு ஆசை வரும். புது செட்டுல 'ஸ', 'ச' எல்லாம் விசில் அடிக்கும், 'வ' வழுக்கும். ரெண்டு மூணு வாரம் பேப்பர சத்தமா படிங்க, நாக்கு தானா எடம் கண்டுபிடிச்சிடும். மாசம் ஒண்ணு தாண்டியும் விசில் போகலனா முன்பல்லு வச்ச எடம் சரியில்ல, டாக்டர்கிட்ட போங்க. வாந்தி வர்ற மாதிரி குமட்டுதுனா மேல் செட்டோட பின் ஓரம் நீளமா இருக்கலாம், இல்ல லூசாகி அது அண்ணத்துல தட்டிட்டே இருக்கலாம்.

புகார் மூணு: கறுத்துப் போச்சு

இது புகார் இல்ல, பேஷண்ட் மேல டாக்டர் வச்ச குத்தச்சாட்டு. 1798 டிசம்பர் கடைசில கிரீன்வுட் எழுதுறார், நீங்க அனுப்பின செட்டு கன்னங்கரேல்னு வந்து சேந்துச்சு, ஒண்ணு நீங்க போர்ட் ஒயின்ல ஊறப் போட்டிருக்கணும், இல்ல குடிச்சிருக்கணும், போர்ட் ஒயின் புளிப்பு, பாலிஷ் எல்லாத்தையும் எடுத்துடும், சாப்பிட்டு முடிச்சதும் கழட்டி நல்ல தண்ணில போட்டுட்டு வேற செட்டு மாட்டிக்கோங்க, இல்ல பிரஷ்ல நல்லா சொரண்டி எடுத்த சாக்குத்தூள் தொட்டு தேய்ங்கனு. ஜனாதிபதியா இருந்தவருக்கே நேருக்கு நேர் எழுதியிருக்கார், எனக்கு இந்த லெட்டர் ரொம்ப பிடிக்கும்.

தண்ணில போடுங்கனு சொன்னது இன்னிக்கும் நூத்துக்கு நூறு சரி. சாக்குத்தூள் தந்தத்துக்கு ஓகே, அக்ரிலிக்குக்கு ஆகாது. நம்ம ஆளுங்க சாக்குத்தூள் இடத்துல பல்பொடி, டூத்பேஸ்ட், இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரங்க சாம்பல், பாத்திரம் தேய்க்குற நாரு. இதெல்லாம் அக்ரிலிக்ல கண்ணுக்கு தெரியாத கீறல் போடும், கீறல்ல வெத்தலைக் கறையும் காபிக் கறையும் கிருமியும் குடியேறும், அப்புறம் இன்னும் அழுத்தித் தேய்ப்பாங்க. சாஃப்ட் பிரஷ், கொஞ்சம் கை கழுவுற சோப்பு திரவம், சாதா தண்ணி, அவ்வளவு தான். வாஷ்பேசின்ல தண்ணி ரொப்பிட்டோ ஒரு துண்டு விரிச்சோ அதுக்கு மேல வச்சு கழுவுங்க, உடையுற செட்டுல நெறைய கை நழுவி பீங்கான்ல விழுந்தது தான். வெந்நீர் ஊத்தி கிருமி சாகட்டும்னு நெனக்காதீங்க, கொதிக்குற தண்ணில செட்டு கோணிடும், கோணினா திருப்ப முடியாது. தண்ணில போட்டா நுரைக்குற க்ளீனிங் மாத்திரை மெடிக்கல் ஷாப்ல கெடைக்கும், தொட்டியில போடத் தான் அது, வாய்ல இல்ல, இதயும் சொல்ல வேண்டி இருக்கு.

லெட்டர்ல இல்லாதது, வாய்ல இருந்திருக்கக்கூடியது

உறுத்துதுனு ஒத்த வார்த்தைல முடிச்சுட்டார். வாயத் தொறந்து பாத்திருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்னு எனக்கு ஒரு ஊகம் இருக்கு, ஊகம் தான். இவ்வளவு கனமான, ஓயாம அழுத்துற செட்டுக்கு அடில அங்கங்க புண்ணு இருந்திருக்கும்.

புது செட்டுல முதல் வாரம் புண்ணு வர்றது சகஜம். வந்ததும் எல்லாரும் பண்றது என்னனா கழட்டி டப்பால போட்டுட்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாய் ஆறினப்புறம் வர்றது. வந்து "இங்க தான் டாக்டர் குத்துச்சு" னு கன்னத்த சுத்திக் காட்டுவாங்க. எனக்கு எங்கனு எப்படி தெரியும். வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே செட்ட மாட்டிட்டு, அதப் போட்டுட்டே வாங்க. சிவந்த எடம் கண்ணுல பட்டா, செட்டு உள்பக்கம் வெள்ளையா ஒரு பேஸ்ட் தடவி வாய்ல அழுத்தி எடுப்போம், எங்க பேஸ்ட் ஒதுங்கி அக்ரிலிக் பளிச்னு தெரியுதோ அந்த அரிசி அளவு எடத்த மட்டும் டிரில்ல லேசா எடுத்தா போதும், சேர்ல இருந்து எந்திரிக்கும்போதே வித்தியாசம் தெரியும். நீங்களே அரம், உப்புத்தாள், பிளேடு எடுத்து சொரண்ட ஆரம்பிச்சா, காத்து அடைபட்டு நிக்குற அந்த ஓரம் போயிடும், புண்ணும் போகாது.

அடுத்தது பூஞ்சை. செட்டு மூடியிருக்குற அண்ணம் அதே வடிவத்துல செக்கச்செவேல்னு இருக்கும், பல பேருக்கு வலியே இருக்காது, அதனால தெரியவே தெரியாது. கேண்டிடானு ஒரு பூஞ்சை, ராத்திரியும் பகலும் கழட்டாம போடுறவங்களுக்கும், சுகர் இருக்கவங்களுக்கும், பிபி, மனநல மாத்திரைங்கனால வாய் வறண்டு போறவங்களுக்கும் அதிகமா வரும். வாய் ஓரத்துல வெடிச்சு எரியுறதும் பல நேரம் இதோட கூட்டாளி தான், கடி உயரம் கொறஞ்சு வாய் மூலைல எச்சில் தேங்கிட்டே இருக்கும். பூஞ்சைக்கு மருந்து டாக்டர் எழுதித் தருவார், வாய்க்கு மட்டும் இல்ல, செட்டோட உள்பக்கத்துக்கும் தடவணும், செட்ட விட்டுட்டு வாய்க்கு மட்டும் போட்டா அடுத்த மாசமே திரும்ப வந்துடும். சுகர் டெஸ்ட்டும் ஒண்ணு பாத்துடுங்க.

ராத்திரி கழட்டுறது தான் எல்லாத்துக்கும் அடிப்படை. "கழட்டினா மருமக முன்னாடி எப்படி நிக்குறது" னு கேக்குற அம்மாங்கள எனக்கு புரியுது, அந்த கூச்சம் சும்மா இல்ல. ஆனா ஜப்பான்ல 85 வயசுக்கு மேல இருக்குற 524 பேர வச்சு பாத்து 2015-ல வந்த ஆய்வுல, செட்டோட தூங்குறவங்களுக்கு நிமோனியா வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேலனு தெரிஞ்சுது. கதவ சாத்திட்டு கழட்டி, மூடி போட்ட டப்பால தண்ணி ஊத்தி போட்டு வைங்க. காயப் போடாதீங்க, காஞ்சா அளவு மாறும். ஈறையும் நாக்கையும் விரல்ல துணி சுத்தி துடைங்க, அங்க பல்லு இல்ல தான், அழுக்கு இருக்கு.

சாப்பாட்டுக்கு வாஷிங்டன் கண்ட வழி மக்காச்சோள மாவு அடை, வெண்ணெயும் தேனும் ஊத்தி ஊறினது, காலைல அது தான். அப்படியே காலம் ஓட்டிட்டார். அப்படி ஓட்டுறது தான் எனக்கு கவலையா இருக்கு, கஞ்சி, ரசஞ்சாதம், பிஸ்கட் தொட்ட டீனு சுருங்கிட்டா உடம்பு சுருங்கும். நல்ல செட்டுல கூட சொந்தப் பல்லோட பலத்துல நாலுல ஒரு பங்கு தான் கடிக்க முடியும், அதனால சின்னதா நறுக்குங்க, ரெண்டு பக்கமும் சமமா போட்டு மெல்லுங்க, முன்பல்லால கடிச்சு இழுக்காதீங்க, இழுத்தா பின்னால தூக்கும். முட்டை, வேகவச்ச பயறு, மீன், பனீர் எல்லாம் சுலபமா போகும். முறுக்கு, சீடை எல்லாம் ஆறு வாரம் கழிச்சு பாத்துக்கலாம், அதுவும் ஊற வச்சு.

இன்னிக்கு அவர் என் சேர்ல உக்காந்தா

முதல்ல ஸ்பிரிங் செட்ட கழட்டி மியூசியத்துக்கு கொடுத்துடுவேன். ஈறுல புண்ணு இருந்தா உடனே அளவு எடுக்க மாட்டேன், நசுங்கி வீங்கின ஈறுக்கு எடுக்குற அளவு அந்த வீக்கத்துக்கான அளவு தான். பழைய செட்டுல மெத்துனு ஒரு மருந்துப் பூச்சு போட்டு சில நாள்ல மாத்தி மாத்தி ஈற ஆற விட்டு, அப்புறம் அளவு. அந்த ஒத்தப் பல்லு இருக்கும்போதே வந்திருந்தார்னா வேர காப்பாத்தியிருப்பேன். கீழ ரெண்டு இம்ப்ளாண்ட், மேல அண்ணம் மூடின அக்ரிலிக் செட்டு, ட்ரை-இன் அன்னிக்கு அவர் மனைவி மார்த்தா அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்வேன், உதட்டப் பத்தி அவர் போட்ட படத்தையும் பக்கத்துல வச்சுக்குவேன். செட்டு கொடுத்து மறுநாள் ஒரு தடவ, ஒரு வாரத்துல ஒரு தடவ, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ, வலி இருந்தாலும் இல்லாட்டியும். தபால்ல அனுப்புற வேலையே கிடையாது, செட்டோட சேந்து வாயும் வரணும்.

கடைசி செக்கப்ல நான் எல்லாருக்கும் சொல்றத அவருக்கும் சொல்வேன். செட்டு உரசி வந்த புண்ணு செட்ட கழட்டி வச்சாலோ உரசுற எடத்த எடுத்து விட்டாலோ ஆறிடணும். ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு, தடிச்ச வெள்ளைத் திட்டு, செவப்புத் திட்டு, ஓரம் கட்டியா இருக்குற சதை, வலி இருந்தாலும் இல்லாட்டியும் அன்னிக்கே வாங்க. வெத்தலை பாக்கு, புகையிலை போடுறவங்க ரெண்டு வாரம் கூட காத்திருக்க வேண்டாம்.